கைம்மாறு கருதா வாக்கும் ஒப்பந்தச் சட்டமும்

வணிக வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய விடைத்தாளொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. தங்கையின் கல்விச் செலவுக்கு மாதந்தோறும் ஒரு தொகை தருவதாகத் தமையன் கடிதமெழுதி வாக்களிக்கின்றான். தங்கையும் அதனை ஏற்றுக்கொள்கின்றாள். பின்னர்த் தமையன் மறுக்கின்றான். தங்கை வழக்கிடலாமோ என்பது வினா. வாக்குக்கு ஈடாகத் தங்கை யாதும் கொடுத்திலள். பிரதிபயன் இல்லாத வாக்கு ஒப்பந்தமாகாது. ஆதலால் வழக்கிடல் இயலாது என்பது மாணவன் தந்த விடை. அவன் நூலிற் கண்டவாறே எழுதியிருந்தான். யானும் நூலிற் கண்டவாறே முழுப்புள்ளி இட்டேன். சில நாட் கழித்துச் சட்டம் பயின்ற நண்பர் ஒருவரிடம் இவ்வினாவைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டு, "மாஸ்டர், அந்தப் பிள்ளை எந்த நாட்டுச் சட்டத்தை எழுதியிருக்கிறான்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

பிழை மாணவனுடையதன்று, என்னுடையது. வெளிவாரிப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த வணிகச் சட்ட நூல்களைப் படித்துத் தேறியவன் யான். அந்நூல்கள் தெளிவானவை, வழக்குகளைக் கதைபோலச் சொல்பவை, நினைவில் எளிதில் நிற்பவை. அவற்றைப் படித்தோர் அவற்றையே கற்பித்தனர். அவரிடங் கற்றோரும் அவற்றையே கற்பிக்கின்றனர். இவ்வாறு ஒரு நாட்டின் சட்டம் மற்றொரு நாட்டின் வகுப்பறையில் ஐயமின்றி உலாவிவருகின்றது. நம் மாணவருட் சட்டக் கல்லூரிக்குச் செல்வோர் மிகச் சிலர். பெரும்பாலோர் கடையிலும் வங்கியிலும் கணக்கர் பணியிலும் அமர்வோர். அவர்கள் வாழ்நாளிற் கற்கும் சட்டம் நாம் கரும்பலகையில் எழுதும் இச்சிறு பகுதியே. அதுவும் பிழையாயின், தமக்குள்ள உரிமையை இல்லையென்று எண்ணிக் கைவிடுவோர் பலராவர். ஆதலின் இப்பொருளைச் சிறிது நுணுகி ஆராய்தல் தகும்.

ஒப்பந்தம் என்பது சட்டத்தின் காப்பைப் பெற்ற உடன்பாடு. ஒருவர் முன்வைத்தலும் மற்றவர் ஏற்றலும், இருவர் மனமும் ஒரே பொருளில் ஒன்றுதலும், ஒப்பந்தஞ் செய்யும் தகைமையும், பொருள் தெளிவாய் இருத்தலும், நோக்கம் சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் மாறாகாமையும் அதற்கு வேண்டப்படும். இவற்றில் ஆங்கிலச் சட்டமும், இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டமும் பெரிதும் ஒத்துச் செல்கின்றன. புகைக்குண்டு மருந்தைப் பயன்படுத்தியும் நோயுற்றவர்க்கு நூறு பவுண் தருவோம் என்று விளம்பரஞ் செய்து, அதனை நம்பி வாங்கிய கார்லில் அம்மையாருக்குக் கொடுக்க மறுத்த கம்பனி 1892இல் இலண்டன் மேன்முறையீட்டு மன்றில் தோற்ற கதையை எல்லா மாணவரும் அறிவர். செயலினாலும் ஏற்பு நிகழும் என்னும் அவ்விதியை நாமும் தயங்காது கற்பிக்கலாம். தகைமைபற்றிக் கூறும்போது மட்டும், பழைய நூல்கள் சொல்லும் 21 வயதை விடுத்து, 1989ஆம் ஆண்டின் திருத்தத்தின்பின் இங்கு 18 வயதே முழுவயது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரு சட்டங்களும் பிரியுமிடம் பிரதிபயன் என்னும் ஒன்றேயாம். ஆங்கிலச் சட்டத்திலே வாக்கு விலை கொடுத்து வாங்கப்படல் வேண்டும். வாக்களித்தவன் ஒரு நன்மை பெறவேண்டும். அன்றேல் வாக்கைப் பெற்றவன் ஓர் இழப்பையேனும் ஏற்கவேண்டும். அவ்விலை போதியதோ என மன்று ஆராயாது. ஒரு மிளகுமணியும் போதும். ஆனால் யாதும் கொடாதவன் யாதும் கேட்கலாகாது. முன்னரே செய்துமுடித்த உதவியும் விலையாகாது. உதவி முடிந்தபின் பிறந்த வாக்கு வெறும் நன்றியுரையே என்பது அச்சட்டத்தின் முடிபு.

உரோம ஒல்லாந்தச் சட்டம் வேறு வழியில் வளர்ந்தது. பண்டை உரோமரிடத்தும் வெறும் உடன்பாடு வழக்குரிமை தரவில்லை. ஆனால் இடைக்காலத்துத் திருச்சபைச் சட்டமும் ஒல்லாந்து நாட்டு வழக்கமும், கருத்தூன்றிச் செய்த எவ்வுடன்பாடும் பிணிக்கும் என்ற கொள்கையை நிலைநாட்டின. சிறையிலிருந்தபோது எழுதி 1631இல் வெளியிட்ட தமது நூலிலே குறோசியசு என்னும் பேரறிஞர், உடன்பாட்டுக்கு நியாயமான ஒரு காரணம் இருத்தல் போதும் என்றார். அக்காரணம் வாணிக விலையாகவும் இருக்கலாம். நன்றியாகவும், கடப்பாட்டுணர்வாகவும், வள்ளன்மையாகவும் இருக்கலாம். கேட்கப்படுவது, 'இவ்வாக்குக்கு நீ என்ன விலை கொடுத்தாய்?' என்பதன்று, 'இவ்வாக்கு கருத்தோடு, தக்க காரணம்பற்றித் தரப்பட்டதோ?' என்பதே. ஒல்லாந்தரின் பின் ஆட்சி செய்த ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் முன்னைய சட்டத்தை நிலைக்கவிட்டமையின், இக்கொள்கையே இங்கு வேரூன்றி நின்றது.

இனி, நம் நூல்களிற் பெரிதும் பேசப்படும் பல்போர் வழக்கை எடுத்துக்கொள்வோம். பல்போர் என்பவர் இலங்கையில் நீர்ப்பாசனப் பணிப்பாளராய் இருந்த பொறியியலாளர். 1915இல் விடுமுறையில் மனைவியோடு இங்கிலாந்து சென்றார். மனைவி மூட்டுவாத நோயுற்றமையின் மருத்துவர் அறிவுரைப்படி அங்கேயே தங்கினார். 1916 ஆகத்து 8ஆம் நாள் கணவர் கப்பலேறினார். புறப்படுமுன், அம்மாத முடிவுவரைக்கும் 24 பவுணுக்குக் காசோலை கொடுத்து, அதன்பின் மாதந்தோறும் 30 பவுண் அனுப்புவதாக வாக்களித்தார். பின்னர் மனவேற்றுமை வளர்ந்தது. பிரிந்து வாழ்தலே நன்றெனக் கணவர் எழுதினார். 1918இல் மனைவி வழக்கிட்டார். முதலில் விசாரித்த சார்ஜன்ற் நீதிபதி மனைவியின் பக்கம் தீர்த்தார். மனைவியைக் காப்பது கணவனின் கடன். அக்கடனின் அளவை இருவரும் 30 பவுண் என வரையறுத்துக்கொண்டனர். அதற்கு மனைவி இசைந்தமையே பிரதிபயன் என்பது அவர் கருத்து. 1919இல் மேன்முறையீட்டு மன்றில் வொறிங்ரன், டியூக், அற்கின் என்னும் மூவரும் அத்தீர்ப்பை மாற்றினர்.

மூவரும் ஒரே முடிபுக்கு வந்தனரெனினும் ஒரே வழியில் வரவில்லை. இதனை நம் நூல்கள் கூறுவதில்லை. மனைவி ஈடாக ஒன்றுங் கொடுத்திலர் என்பது டியூக் நீதிபதி சிறப்பாய் வற்புறுத்திய காரணம். அற்கின் நீதிபதியோ, கணவனும் மனைவியும் இல்வாழ்விற் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் சட்டப் பிணிப்பைக் கருதிச் செய்யப்படுவன அல்ல என்று கூறினார். இவ்விரண்டாவது காரணமே பின்னாளிற் பெயர்பெற்று, 'சட்டத் தொடர்பை ஏற்படுத்தும் கருத்து' என்னும் தலைப்பில் இன்று மனனஞ் செய்யப்படுகின்றது.

இத்தீர்ப்பைக் குறைகூறுதல் எளிது. ஆனால் நடுநிலையோடு குறைகூறுதல் வேண்டும். வீட்டுச் செலவுக்கென ஒவ்வொரு கிழமையும் பேசப்படும் பேச்சையெல்லாம் வழக்காக்கினால் மன்றுகள் தாங்கா என்ற அச்சம் பொருளற்றதன்று. வாக்குத் தரப்பட்ட வேளையில் இருவரும் இணக்கமாய் வாழ்ந்தனர் என்பதும் உண்மை. ஆயினும் இதனை நோக்குக: தொகை திட்டவட்டமானது, காலம் திட்டவட்டமானது, கடல் இடையிட்டு ஒருவர் வருவாயை நம்பி மற்றவர் வாழவேண்டிய நிலை. சந்தைக்குப் போகும்போது பேசும் பேச்சுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லையோ? குடும்பத்தின் வாயிலிற் சட்டம் நின்றுவிடின், அவ்வாயிலுக்கு உட்பக்கத்தில் பொருளுடையவரின் விருப்பமே சட்டமாகின்றது. இங்கிலாந்து மன்றுகளே இதனைப் பின்னர் ஒருவாறு உணர்ந்தன. பிரிந்துவிட்ட கணவன் எழுத்தில் தந்த வாக்கை மெரிற் வழக்கில் 1970இல் மேன்முறையீட்டு மன்று நிறைவேற்றிற்று. எனவே, 'கணவன் மனைவியரிடையே ஒப்பந்தமில்லை' என்று மாணவர் எழுதும் ஒற்றைவரி இங்கிலாந்துக்கும் பொருந்தாது.

இலங்கை என்னும் பெயர் பல்போர் வழக்கில் வருதலால் அது நம் சட்டமாகிவிடாது. அது இங்கிலாந்து மன்று ஆங்கிலச் சட்டப்படி தீர்த்த வழக்கு. நம் சட்டத்தைச் சொல்லும் வழக்கு அதற்கு ஓராண்டு முன்னரே, அதே இலண்டன் மாநகரிலே, அந்நாளில் எமது இறுதி மேன்முறையீட்டு மன்றாயிருந்த கோமறைக் கழகத்திலே தீர்க்கப்பட்டது. அதுவே 1918ஆம் ஆண்டின் ஜயவிக்கிரம – அமரசூரிய வழக்கு. குடும்பத்துள் எழுந்த பண வாக்குப் பற்றியது அது. பிரதிபயன் இல்லையென்ற வாதம் ஏற்கப்படவில்லை. இலங்கையிற் பொருந்தும் உரோம ஒல்லாந்தச் சட்டம் வேண்டும் தக்க காரணமானது ஆங்கிலச் சட்டம் வேண்டும் பிரதிபயனிலும் மிக விரிந்தது என்றும், ஒழுக்கக் கடப்பாட்டைத் தீர்க்கவோ வள்ளன்மை காட்டவோ கருத்தோடு அளித்த வாக்கும் அதனுள் அடங்கும் என்றும் கழகம் கண்டது. ஆங்கில நீதிபதிகளே, தம் நாட்டு விதி இங்கு செல்லாதென்று தெளிவாய்ச் சொல்லியிருக்க, நாம் அவர்தம் நாட்டு விதியையே இங்கு கற்பித்துவருதல் வியப்பன்றோ?

இதே சிக்கல் தென்னாபிரிக்காவிலும் இருந்தது. அங்கும் உரோம ஒல்லாந்தச் சட்டமே பொதுச் சட்டம். கேப் மாகாண நீதிமன்று தக்க காரணமும் பிரதிபயனும் ஒன்றே எனக் கொண்டது. திரான்சுவால் நீதிமன்று அதனை மறுத்தது. 1919இல் கொன்றாடி – றூசோ வழக்கிலே மேன்முறையீட்டு மன்று பிரதிபயன் தேவையில்லை என முடிவாய்த் தீர்த்தது. ஆக, ஈராண்டுக்குள் மூன்று தீர்ப்புகள். ஒன்று எமது, ஒன்று எமது சட்டத்தோடு உடன்பிறந்த சட்டத்தினது, மற்றொன்று பிறிதொரு சட்டத்தினது. நம் மாணவர் அறிந்திருப்பது அம்மூன்றாவதை மட்டுமே.

இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்க நான் இப்பொழுது இராமகாதையை எடுத்தாளுகின்றேன். போர்க்களத்தில் தன்னைக் காத்த கைகேயிக்குத் தயரதன் இரு வரம் தருவதாக வாக்களித்தான். அவள் வரத்தைக் கேட்டபோது, ஆங்கில நூலொன்றைக் கையிற் கொண்ட மந்திரியொருவன் அரசனருகே நின்றிருப்பின் என்ன கூறியிருப்பான்? "அரசே, அவள் செய்த உதவி வாக்குக்கு முந்தியது, கழிந்த உதவி பிரதிபயனாகாது. மேலும் இது கணவன் மனைவிக்குச் சொன்ன சொல், ஆதலால் இருவகையாலும் உம்மைப் பிணிக்காது" என்றிருப்பான். உரோம ஒல்லாந்த நூலைக் கற்றவனோ அவ்வாறு கூறான். நன்றிக்கடன் தக்க காரணமேயாதலின், காரணமில்லை என்று அவ்வாக்கைத் தள்ளுதல் அவனுக்கு இயலாது. ஆனால் அவன் வேறிரு வினாக்களை எழுப்புவான்: எதனைத் தருவது என்று வரையறாத வாக்கு தெளிவுடையதோ? குற்றமற்ற மூன்றாமவனைக் காட்டுக்கு அனுப்பும் நிபந்தனை ஒழுக்கத்துக்கு ஏற்குமோ? மாணவர் இதனைக் கேட்டவுடன், பிரதிபயன் வேறு, கருத்து வேறு, தெளிவு வேறு, நோக்கத்தின் தூய்மை வேறு என்பதை எளிதிற் பிரித்துணர்கின்றனர். ஒன்றில்லாதவிடத்து மற்றொன்றையுஞ் சேர்த்து மறுக்கும் பிழை அவர்பால் நீங்குகின்றது.

ஈண்டு ஒரு தடை எழும். கைம்மாறில்லா வாக்கும் பிணிக்குமாயின், வாய்தவறி உரைத்த சொல்லெல்லாம் வழக்காகாவோ என்பார் உளர். ஆகா. உரோம ஒல்லாந்தச் சட்டமும் பிணிக்கப்படும் கருத்தைத் தேடுகின்றது; விளையாட்டுப் பேச்சையும் விருந்தழைப்பையும் அது ஒப்பந்தமாக்காது. பல்போர் அம்மையாரே இங்கு வழக்கிட்டிருந்தாலும், அவர் அக்கருத்தை மெய்ப்பிக்கவேண்டியவராகவே இருந்திருப்பார். வேறுபாடு யாதெனின், 'நீ விலை கொடுத்திலை' என்னும் ஒரு சொல்லால் அவரது வழக்கு முடிந்திராது.

மேலும், நம் சட்டம் வேறு சில காவல்களையும் வைத்திருக்கின்றது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் அதற்கான உடன்பாடும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படாவிடின் செல்லா. பிறனொருவன் கடனுக்குப் பிணை நிற்பதாகத் தரும் வாக்கும் கையொப்பமிட்ட எழுத்தில் இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கிலே காணி ஆவணத்தை 'உறுதி' என்கின்றோம். கொடுத்த சொல்லையும் உறுதி என்கின்றோம். சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை. கலியாணப் பேச்சின்போது, ஊரார் பத்துப்பேர் முன்னிலையில், வளவொன்றைச் சீதனமாகத் தருவேன் என்று தகப்பன் வாயாற் சொன்ன சொல் எத்துணைத் தக்க காரணமுடையதாயினும் உறுதி முடியாதவரை வளவு கைமாறாது. இங்கு வாக்கு தோற்பது பிரதிபயன் இன்மையாலன்று, எழுத்து இன்மையால். காரணத்தை மாற்றிச் சொல்லும் மாணவன் விடையில் வெல்லினும் அறிவில் தோற்கின்றான். காலமும் ஒரு காவலே: 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம் எழுத்திலமைந்த ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டும் எழுதாததற்கு 3 ஆண்டும் எல்லை வகுத்துள்ளது.

மற்றொரு தடையும் உண்டு. அது வணிக ஆசிரியருடையது. வணிகத்துக்கு வேண்டியது ஆங்கிலச் சட்டமே. ஆதலால் அதனையே கற்பித்தல் போதும் என்பர். இதில் பாதி உண்மை உண்டு. பங்குடைமை, கம்பனி, வங்கி, முகவர், காப்புறுதி முதலியவற்றில் ஆங்கிலச் சட்டம் கட்டளைச் சட்டத்தின் வாயிலாக இங்கு புகுத்தப்பட்டது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், 1927ஆம் ஆண்டின் மாற்றுண்டியற் கட்டளைச் சட்டமும் ஆங்கில முன்மாதிரியைத் தழுவியன. அப்பகுதிகளில் ஆங்கில வழக்குகளைக் கற்பித்தல் முறையே. ஆயினும் அவற்றுக்கு அடித்தளமாயுள்ள பொது ஒப்பந்தச் சட்டம் உரோம ஒல்லாந்தச் சட்டமாகவே நிற்கின்றது. மாடிக்கு ஆங்கிலத் தச்சன் வேலை செய்தான் என்பதால் அத்திவாரத்தை அவன் போட்டானென்று சொல்லலாகாது.

இது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடும் அன்று. பத்தாயிரம் ரூபா கடன்பட்ட சிறு வியாபாரியிடம், "ஏழாயிரத்தைக் கட்டும், மிச்சத்தை விட்டுவிட்டேன்" என்று மொத்த வியாபாரி சொல்லுகின்றார். அவரும் அவ்வாறே கட்டுகின்றார். எஞ்சிய மூவாயிரத்துக்கு வழக்கு உண்டோ? ஆங்கிலப் பொதுச் சட்டத்தில், விட்டுக்கொடுத்ததற்கு ஈடு பெறாமையால், வழக்கு உண்டு. 1602இல் தோன்றிய அவ்விதியை 1884இல் பிரபுக்கள் சபை உறுதிப்படுத்திற்று. அதன் கடுமையைத் தணிக்க 1947இல் டெனிங் நீதிபதி, சொல்லை நம்பி நடந்தவனைக் காக்கும் வேறொரு கொள்கையைத் துணைக்கழைக்க வேண்டியதாயிற்று. நம் பொதுச் சட்டத்தில் இச்சுற்றுவழி வேண்டா. கருத்தோடு விட்டுக்கொடுத்ததை மற்றவர் ஏற்றுக்கொண்டால் அவ்வளவிற் கடன் தீர்ந்தது. அவ்வாறே, "இந்த விலை வெள்ளிக்கிழமைவரை நிற்கும்" என்று ஒருவர் சொன்ன சொல்லை, ஈடு பெறாதவிடத்து எந்நேரமும் மீட்கலாம் என்று ஆங்கில நூல் கூறும். மேற்கூறிய தென்னாபிரிக்க வழக்கு இத்தகைய ஒரு வாக்குப் பற்றியதே. காணியொன்றை வாங்கும் தெரிவுரிமை அங்கு விலையின்றியே பிணித்தது. நம் கல்லூரியிலிருந்து வெளியேறி நாளை கணக்குப் புத்தகத்தின் முன் அமரப்போகும் பிள்ளைக்கு இவை சிறிய செய்திகளோ?

ஆங்கில நூல்களை ஒதுக்கிவிட வேண்டுமென்பது என் கருத்தன்று. அவற்றின் தெளிவும், வழக்குக்கு வழக்கு நியாயம் நுணுகும் முறையும் நமக்கு நல்லாசிரியர். கேட்பது ஒன்றே: அவற்றைக் கற்பிக்கும்போது அவை எந்நாட்டன என்று சொல்லிக் கற்பித்தல் வேண்டும். இப்பொழுது நான் இப்பாடத்தைத் தொடங்கும்போது கரும்பலகையை நடுவே கோடிட்டு, ஒருபுறம் 'அங்கே' என்றும் மறுபுறம் 'இங்கே' என்றும் எழுதுகின்றேன். முன்வைத்தலும் ஏற்றலும் இருபுறமும் வரும். பிரதிபயன் ஒருபுறமும் தக்க காரணம் மறுபுறமும் வரும். உறுதி எழுதும் விதி நம்புறத்தில் வரும்.

அந்த மாணவனை அழைத்து, அவனுடைய விடையும் எனது புள்ளியும் பிழையென்று சொன்னேன். அவன் சற்று நேரம் எண்ணிப்பார்த்துவிட்டு, "அப்ப, அண்ணன் குடுத்த வாக்கு வாக்குத்தானே சேர்?" என்றான். கருத்தோடு கொடுத்திருந்தால், எழுத்தை மெய்ப்பித்தால், காலம் கடவாதிருந்தால், அதுவும் ஒப்பந்தமே என்றேன். அம்மூன்று நிபந்தனைகளையும் அவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். முன்பு பெற்ற முழுப்புள்ளியை நான் குறைக்கவில்லை. பிழை கற்பித்தவனுக்குக் குறைக்கும் உரிமை இல்லை.